சோளக்காட்டில் ஒரு வெள்ளைச் சட்டை

போன மாதம் ஓர் இளம் தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறார்களாம். முப்பது வருடங்களுக்கு முன்னால் கோவில்பட்டியில் அப்படிச் செய்த ஒரு குடும்பம் உண்டு என்று என் மகள் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். கிளம்பும்போது அந்தப் பெண், "ஒங்க மக சொல்லிச் சொல்லி, கழுகுமலைக்கு நாங்களும் ஒங்களோட போய்ட்டு வந்த மாதிரியே இருக்கு ஐயா" என்றாள்.

எழுதுகிறேன். மகள் அவர்களிடம் சொல்லாத பகுதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு. அந்தக் கண்ணால் ஆள் இருப்பது தெரியும், யாரென்று தெரியாது. யாராவது கேட்டால் பிறவியிலேயே அப்படி என்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாளா, அப்படித்தான் நம்புகிறாளா என்று நான் கேட்டதில்லை. பிறவியில் இருந்தது சரிசெய்யக் கூடிய ஒரு குறைதான். அதைச் சரிசெய்ய முடியாமல் ஆக்கியவன் நான்.

நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன். என் மனைவியும் பட்டதாரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகளை ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். அப்போது அவளுக்கு நாலரை வயது. ஒரு பருவம்கூட முடியவில்லை, புறங்கையில் ஸ்கேல் பட்ட தடத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போய்க் கேட்டேன்.

"பக்கத்துப் பிள்ளையப் பாத்துப் பாத்தே எழுதுதா சார். போர்டைப் பாருன்னா பாக்கவே மாட்டேங்கா. எத்தன நாளு சொல்லுதது?" என்றார் ஆசிரியை.

அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடித்தது மட்டுமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு செய்தி இருந்தது. அதை நான் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. மகளைவிட இரண்டு வயது சிறியவன் மகன். அவனைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை. காலையில் மனைவி இருவருக்கும் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுப்பாள். சனி, ஞாயிறும் கல்லூரி விடுமுறை நாட்களும் என் பொறுப்பு. வீட்டில் கரும்பலகை வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. பலகை வந்தால் அதற்கு முன்னால் ஒரு வாத்தியார் வந்துவிடுவார் என்று அப்போது விளக்கமும் சொல்வேன். பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தார்கள்.

தெருவில் இது பெரிய வேடிக்கை. மூலைக்கடை பாய், சாமான் கட்டிக்கொண்டே கேட்பார்: "சார், ஒங்க பள்ளிக்கூடத்துல முழுப்பரிச்சை எப்போ?"

"பரிச்சையே கிடையாது பாய்."

"அப்ப எனக்கும் ஒரு சீட்டு போடுங்க. நான் அஞ்சாப்புலயே நிக்கேன்."

எனக்கு இந்தக் கிண்டல் பிடித்திருந்தது. ஊரில் யாரும் செய்யாததைச் செய்கிறேன் என்பதற்கு அது சான்று போல இருந்தது.

நாங்கள் போன இடங்கள் பெரிய இடங்கள் அல்ல. சித்திரை, வைகாசியில் ஊருக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்போம். மழைக்காலத்தில் அதே மண் செருப்பில் ஒட்டி ஒட்டிக் காலே தூக்க முடியாமல் போகும். ஒட்டிய மண்ணைச் சுரண்டி உருட்டி, காயவைத்து, மறுபடி தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயில் வரும் ஓசையைத் தண்டவாளத்தில் முன்கூட்டியே கேட்க முடிகிறதா என்று காத்திருப்போம். ஓட்டப்பிடாரம் போயிருக்கிறோம். ஹாக்கி மைதானத்தில் சாயங்காலம் முழுக்க நின்றிருக்கிறோம். பந்து கோலுக்குள் போகும்போது கூட்டம் கத்தும். கூட்டம் கத்திய பிறகுதான் மகள் கத்துவாள். அவள் நிதானமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். மகன் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பான். மகள் கண்டக்டர் கூவுவதை வைத்தும் பஸ்ஸின் நிறத்தை வைத்தும் சொல்வாள். இருவரும் ஒரே விடைக்கு வேறு வேறு வழியில் வருகிறார்கள் என்று அதையும் மெச்சினேன்.

கழுகுமலைக்கு அடிக்கடி போவோம். பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய சமண உருவங்களுக்கு எதிரே, எட்டத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்பேன்.

"மேல் வரிசையில இருக்கவங்களுக்கும் கீழ இருக்கவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

மகன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முனகுவான். கொஞ்ச நேரம் கழித்து மகள் சொல்வாள்: "மேல இருக்கது சின்னது. ஒரே மாதிரி இருக்கு. கீழ உள்ளது பெருசு."

"ஏலே, அக்காவுக்கு நீ சொல்லிக்குடுக்கியா?"

"இல்லப்பா. நான் எனக்குச் சொல்லிக்கிடுதேன்."

அவன் அவள் கையை விடவே மாட்டான். இப்படி ஒட்டிக்கொண்டு வளரும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கிடைக்குமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள், "இவ புஸ்தகத்த மூக்குல ஒட்டவச்சுப் படிக்கா. என்னன்னு பாருங்க" என்றாள். "அது ஆர்வம்" என்றேன். வருடந்தோறும் லென்ஸ் பாடம் நடத்துகிறவன் சொன்ன பதில் அது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆசிரியை இருந்தார். முனிசிபல் பள்ளியில் வேலை. மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு பாக்க டாக்டர்மார் வாராவ. நம்ம பிள்ளையளையும் அனுப்பி வைங்க. பேரெல்லாம் எழுத வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் டீச்சர் கண்ணு கெடும். நாள் முழுக்க செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. எங்க பிள்ளைங்க தூரத்தப் பாத்து வளருது."

"ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். என் மனைவி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது எனக்கே பிடித்துப்போய்விட்டது. கல்லூரியில் நண்பர்களிடமும் திரும்பச் சொன்னேன்.

எங்கள் வெளிப் பயணங்களில் ஒரு பயிற்சி உண்டு. அதற்குத் 'தூது' என்று பெயர் வைத்திருந்தேன். வெட்டவெளியில் ஓர் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். தூரத்தில் ஒரு மரத்தையோ பம்புசெட் அறையையோ காட்டுவேன். பிள்ளைகள் அதுவரை போய், அங்கே மூன்று விஷயங்களைப் பார்த்து, திரும்பி வந்து, என் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்ல வேண்டும். வழி கேட்கக் கூடாது. நானும் கூப்பிடமாட்டேன். பெரியவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்குத் தானாகப் பார்க்கும் புத்தி வராது என்பது என் கொள்கை. சொன்னது சரியாக இருந்தால் தலையசைப்பேன். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். திட்டுவதில்லை, அடிப்பதில்லை. பேசாமல் இருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே யோசித்துத் திருத்திக்கொண்டு மறுபடி சொல்வார்கள். இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்திருந்தேன்.

தூது எப்போதும் இருவரும் சேர்ந்து போவதுதான். மகளுக்கு ஒன்பது வயதான மாசி மாதம், மகனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் வீங்கிப் படுத்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள், "தம்பி வராட்டா நானும் வரல" என்றாள். சோம்பல் என்று நினைத்து வற்புறுத்தினேன்.

நாகலாபுரம் பஸ்ஸில் ஏறி ஊருக்கு முன்னாலேயே இறங்கி, வண்டிப்பாதையில் நடந்தோம். அந்தப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் காடு, மேடு பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் கொத்தமல்லி பூத்திருந்தது. இன்னொரு பக்கம் சோளம் அறுத்து முடித்த காடு, கட்டைகள் மட்டும் நின்றன. காவலுக்கு வைத்த பொம்மையை இன்னும் எடுக்கவில்லை. குறுக்குக் கம்பில் பழைய வெள்ளைச் சட்டை மாட்டி, தலைக்குச் சுண்ணாம்பு பூசிய பானை கவிழ்த்திருந்தார்கள். நானும் எப்போதும்போல வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

பாதையோரப் பனையடியில் குடையை விரித்து உட்கார்ந்தேன். பாதை போய் முடியும் இடத்தில் ஒரு பம்புசெட் அறை இருந்தது. "அதுவரைக்கும் போய்ட்டு வா" என்றேன். அவள் நான் கைகாட்டிய பக்கம் பார்த்தாள். "பாதையிலேயே போகவா?" என்று கேட்டாள். கேள்வி கேட்கக் கூடாது என்பதால் நான் பேசவில்லை. போனாள்.

அவள் போன பிறகு வெயில் என் மேல் ஏறிற்று. பனைக்கு நிழல் ஏது? பாதையை விட்டு விலகி, சோளக்காட்டின் ஓரத்தில் நின்ற வேம்படிக்குப் போய்விட்டேன். இடம் மாறியது வெயிலுக்காக மட்டும் அல்ல. திரும்பி வரும்போது அப்பா இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கலாம் என்றும் தோன்றியது.

அவள் பாதை வழியே திரும்பி வந்தாள். பனையடியில் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். என் பக்கமும் முகம் திரும்பியது. வேம்பின் நிழலில் விரித்த கறுப்புக் குடைக்கு அடியில் இருந்தேன். கண் நல்ல பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. பிறகு அவள் சோளக்காட்டுக்குள் இறங்கினாள். கட்டைகள் காலில் குத்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து, அந்தப் பொம்மைக்கு எதிரே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

வீட்டில் அவள் என்னைப் போல நடித்துக்காட்டுவாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது போலவும், பேசாமல் உம்மென்று இருப்பது போலவும் செய்து தம்பியைச் சிரிக்கவைப்பாள். ஆகவே அன்று அவள் என்னைக் கேலிசெய்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்பாவும் பொம்மையும் ஒன்று என்று காட்டுகிறாள். எவ்வளவு நேரம் நடிக்கிறாள், பார்க்கலாம் என்று இருந்தேன்.

மல்லிக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி! யார்ட்டப் பேசுத? அது பொம்மல்லா!"

என் மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தப் பெண் வரப்பைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் குடையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கூட்டி வந்தாள்.

"அய்யா, ஒங்க பிள்ளையா? பொம்மைக்குப் பாடம் ஒப்பிச்சுக்கிட்டு நிக்கா. அது என்னத்தச் சொல்லும், பாவம்!"

"வெளையாடுதா" என்றேன்.

"வெளையாடுத மூஞ்சியா இது? வெயிலுக்குத் தலை கிறங்கியிருக்கும், தண்ணி குடுங்க" என்று சொல்லி, முந்தியில் கட்டியிருந்த பாசிப்பயற்றங்காயில் ஒரு கை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.  பஸ்ஸில் அவள் பயற்றங்காயைத் தின்னாமல் தம்பிக்கென்று பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இவளுக்குக் கவனம் இல்ல, எல்லாம் கேலியாயிருக்கு. கொஞ்ச நாள் வெளிய கூட்டிட்டுப் போகல" என்றேன்.

கொஞ்ச நாள் என்றது, அடுத்த தை வரை போயிற்று. மகனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஆரம்பத்தில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வருவாள்.

"அப்பா, நானும் வாரேன்ப்பா."

"கவனமா இருக்கக் கத்துக்கோ. பெறகு பாப்போம்."

ஆடிக்குப் பிறகு வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். முகமே தெரியாது, புத்தகம்தான் தெரியும்.

தை மாதம், கழுகுமலைப் பாறைமேல் நானும் மகனும் உட்கார்ந்திருந்தோம். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அவன் கீழே பார்த்துக்கொண்டு தானாக முனகிக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆளு ஆடு பத்திட்டுப் போறான். ஒண்ணு மட்டும் கறுப்பு. அது நொண்டுது. அங்கிட்டு ஒரு பஸ்ஸு வருது, பச்சை பஸ்ஸு. ஒரு வீட்டு மாடியில வத்தல் காயப்போட்டிருக்கு..."

"யார்ட்டலே சொல்லுத?"

"அக்காட்ட."

"அக்கா இங்கன இல்லையே."

"சும்மா... பழகிட்டு."

"அக்காட்ட எதுக்குச் சொல்லணும்?"

"அக்காவுக்குத் தெரியாதுல்லா."

"என்னது தெரியாது?"

"தூரத்துல இருக்கது எதுவுமே தெரியாது." அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவன் மறைத்ததில்லை. ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை என்பது போல, அக்காவுக்குத் தூரம் தெரியாது என்பது அவனுக்குச் சாதாரண விஷயம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எண்ணியிருக்கிறான். ஒப்பிக்கும்போது தப்பானால் அப்பா பேசாமல் இருப்பார், அதனால் அக்காவுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டுக் கூடத்தின் இந்தக் கோடியில் நிறுத்தினேன். அந்தக் கோடியில் நாள்காட்டி தொங்கிற்று. தேதி என்ன என்றேன். தெரியவில்லை என்றாள். அவள் தம்பி பக்கத்தில் நின்றதால் தைரியமாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க, மனைவியை விட்டு முதலில் அவளுடைய வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். நான் நாள்காட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"வெள்ளையா ஒண்ணு நிக்கி."

என் சட்டைதான் அது. சோளக்காட்டில் அவள் என்ன செய்தாள் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. மனைவியிடம் அன்று அதைச் சொல்லவில்லை.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயது டாக்டரம்மா. சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"பாப்பா எந்த ஸ்கூல்?"

"ஸ்கூல் இல்ல."

"அப்படியா? ஸ்கூல் போர்டே பாத்தது இல்லையா?"

"சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். கறுப்பா இருக்கும். அதுல ஒண்ணுமே இருக்காது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சோதனை எல்லாம் முடித்துவிட்டு எங்களை மட்டும் உட்காரச் சொன்னார். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. வலது கண்ணில் ஓரளவு, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். இடது கண்ணில் மிக அதிகம். கலங்கிய படமே வந்துகொண்டிருந்ததால் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. சோம்பேறிக் கண் என்பார்கள். ஆறு ஏழு வயதிற்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கியிருந்தால் பெரும்பாலும் திரும்பியிருக்கும். இப்போது பத்து வயது ஆகப்போகிறது. முயற்சி செய்து பார்க்கலாம், எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தாலும் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கும்.

"ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்கன்னா போர்டு தெரியலேன்னு டீச்சரே சொல்லிருவாங்க" என்றார். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் இருவரும் முன் இருக்கையில் இருந்தார்கள். சாத்தூர் தாண்டியது. "அன்னைக்கு டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "நானாவது கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அந்த ஜூனில் இருவரையும் அவளே கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்த்தாள். கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.

ஒரு வருடம், தினமும் சில மணி நேரம் வலது கண்ணை மூடி ஒட்டுப்போட்டோம். அந்த நேரத்தில் அவள் சுவரைத் தடவித் தடவி நடப்பாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றும். தம்பி கூடவே இருந்து, "வாசப்படி, படி, இங்கன வாளி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவான். வருட முடிவில் டாக்டரம்மா கண் சோதிக்கும் அட்டையில் மேலே உள்ள எழுத்து ஒன்றை அவள் கூடுதலாக வாசித்ததாகச் சொன்னார். பிறகு ஒட்டுப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடி வந்த புதிதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சோளக்காட்டுக்கு ஒரு தடவை போக வேண்டும். போனோம், நானும் அவளும் மட்டும். அந்த வருடமும் அதே காட்டில் சோளம்தான் போட்டிருந்தார்கள், அறுப்பு முடிந்திருந்தது. பொம்மையும் நின்றது. பழைய பொம்மையா புதிதா, தெரியவில்லை. சட்டை வெள்ளைதான். பாதையில் நின்றே பார்த்தாள். ஒரு கண்ணால்தான் பார்த்தாள், ஆனாலும் அங்கிருந்தே தெரிந்தது.

"இதுகிட்டயாப்பா பேசுனேன்? மூஞ்சியே இல்லையே!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒங்களவிட நெட்டையா வேற இருக்கு."

நானும் சிரித்தேன். அவள் சிரித்து முடித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பம்புசெட்டு பூட்டியிருக்கு, தொட்டியில தண்ணி இல்ல, ஒரு நாய் படுத்திருக்குன்னு சொன்னேன். நீங்க பேசல. தப்பாச் சொல்லிட்டேன்போலன்னு திரும்ப மொதல்லருந்து சொன்னேன். அப்பவும் பேசல. மூணாவது தடவ சொல்லும்போதுதான் அந்த அக்கா கூப்பிட்டாங்க."

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் இருக்கிறேன் என்று உறைத்ததும், "வெயிலாயிருக்கு, போவமா?" என்றேன்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்த வேம்படியில."

அவள் வேம்பைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். "நான் நின்னது தெரியலையா ஒங்களுக்கு?"

"கண் அசந்துட்டேன்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பாத்திருந்தா கூப்பிட்டிருப்பீங்கல்லா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

என்னிடம் எழுதித் தரக் கேட்ட அந்தத் தம்பதி இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லக் கூடியது, பிள்ளையின் கண்ணையும் காதையும் நாலு வயதிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்பதுதான். வீட்டில் படிக்கவைப்பதா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மகளும் இதைப் படிப்பாள். கையை மடக்காமல் தள்ளிப் பிடித்துப் படிப்பாள், இப்போது அவள் கண்ணாடி நல்ல கண்ணாடி.

அன்றைக்கு வேம்படியில் நான் தூங்கவில்லை அம்மா. நீ முதல் தடவை சொல்லி முடித்துக் காத்து நின்றதைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தி அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டதைப் பார்த்தேன். திரும்பவும் ஆரம்பித்ததைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.